நாடு கடத்தப்பட்ட நனவு

உளவியல் என்னும் சொல்லின் தலையிலேயே உளம் அமர்ந்திருக்கிறது. அந்த உளத்தை வெளியே தள்ளிக் கதவை அடைத்த பின்னும் துறை மட்டும் பழைய பெயரோடு உலவி வந்தது, இருபதாம் நூற்றாண்டு அறிவுலகத்தின் விந்தைகளுள் ஒன்று. 1913ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் வாட்சன் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து இவ்விந்தை தொடங்குகிறது. உளவியல் இயற்கை அறிவியலின் ஒரு கிளை; நடத்தையை முன்கூட்டி உரைப்பதும் அதனைக் கட்டுப்படுத்துவதுமே அதன் நோக்கம்; நனவு பற்றிய பேச்சுக்கு அதில் இடமில்லை; மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே கோடு கிழிக்க வேண்டியதில்லை. அக்கட்டுரையின் சாரம் இவ்வளவே. புறத்திலிருந்து வருவது தூண்டல். அதற்கு உடல் தரும் விடை துலங்கல். இரண்டிற்கும் நடுவே, வலிப்பதும் இனிப்பதும் நாணுவதும் நினைப்பதுமாக உயிர் தன்னைத் தானே அறிந்திருக்கும் நிலையாகிய நனவு, கணக்கில் சேரவில்லை.

இக்கொள்கை வாட்சனின் நாட்டோடு நின்றிருந்தால் தமிழாசிரியர் அதுபற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை. அது நெடுந்தொலைவு பயணம் செய்து, பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளியின் நாட்பாடத் திட்டத்திற்குள்ளும் குடியேறிவிட்டது. ‘இப்பாட இறுதியில் மாணவர்கள்’ என்று தொடங்கும் வரியைத் தமிழாசிரியர் தம் பணிக்காலத்தில் எத்தனை ஆயிரம் முறை எழுதுகிறார்! அவ்வரி எந்த வினைமுற்றில் முடியலாம், எதில் முடியக்கூடாது என்பதில்தான் செய்தி இருக்கிறது. கூறுவர், எழுதுவர், வாசிப்பர், பட்டியலிடுவர், வகைப்படுத்துவர் என முடியலாம். அறிவர், உணர்வர், புரிந்துகொள்வர் என முடிந்தால் பயிற்சி ஆசிரியரின் ஏட்டில் சிவப்பு மை விழும். புரிந்துகொண்டதை எவ்வாறு அளப்பீர் என்பது விரிவுரையாளரின் வினா. பயிற்சி ஆசிரியர் மறுமொழி இன்றித் திருத்தி எழுதுவார். பணியில் சேர்ந்தபின் முப்பது ஆண்டுகளும் அவ்வாறே எழுதுவார். இந்த இலக்கணத்தை வகுத்தவர் தொல்காப்பியரும் அல்லர், பவணந்தியாரும் அல்லர். 1962இல் கற்றல் நோக்கங்களை எழுதும் முறைபற்றி நூல் செய்த ராபர்ட் மேகர் என்னும் அமெரிக்கர். அறிதல், புரிந்துகொள்ளல், சுவைத்தல் முதலிய சொற்கள் ஆளுக்கொரு பொருள் தருவன; ஆதலின் அவற்றைத் தவிர்த்து, கண்ணால் காணத்தக்க செயலைக் குறிக்கும் சொற்களையே ஆள்க என்பது அவர் விதி. வகுப்பறையிலிருந்து மூன்று வினைமுற்றுகள் நாடு கடத்தப்பட்ட வரலாறு இதுதான்.

நடத்தையியலார் பக்கத்து நியாயத்தை மறைத்துவிட்டு அவர்களைக் கண்டிப்பது முறையன்று. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் நிறுவியபின், தன் உள்ளத்தைத் தானே நோக்கி உரைக்கும் அகநோக்கு முறை பெருவழக்காயிற்று. ஒரு கூடத்தில் பயின்றோர், உருக்காட்சி இன்றிச் சிந்தனை இல்லை என்றனர். மற்றொரு கூடத்தில் பயின்றோர், உருக்காட்சி சிறிதும் இல்லாத சிந்தனையைத் தம்முள் கண்டதாக உரைத்தனர். வழக்கைத் தீர்க்க நடுவர் இல்லை. நடுவரும் தம் உள்ளத்தைத்தானே நோக்கவேண்டும்! இந்த முடிவில்லாப் பூசலில் வாட்சன் பொறுமை இழந்ததில் வியப்பில்லை.

அவர்பால் ஏழை நாட்டு ஆசிரியர் ஈர்க்கப்பட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நலமுள்ள குழந்தைகள் பன்னிருவரைத் தம்மிடம் ஒப்படைத்தால், அவர்களுள் எவரையும் அவர்தம் முன்னோரின் இனம், தொழில் எதுவாயினும், மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆக்கிக் காட்ட இயலும் என்று வாட்சன் அறைகூவினார். தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற பேச்சைத் துரை வாயிலும், கிராணி வாயிலும், சில வேளைகளில் பெற்றோர் வாயிலும் கேட்டுச் சலித்த ஆசிரியருக்கு இவ்வறைகூவல் தேனாய் இனித்திருக்கும். பிறப்பால் தாழ்ந்தவன் என்னும் பொய்யை உடைக்க அது ஒரு கோடரி. அந்த அளவில் அதற்கு நன்றி கூறவும் கூறலாம்.

ஆனால் அந்த வாக்குறுதியை இறுதிவரை படித்தல் வேண்டும். மருத்துவராக ஆக்குவேன் என்றவர், அதே மூச்சில் இரவலனாகவும் திருடனாகவும் ஆக்குவேன் என்றார். சான்றுகள் அனுமதிக்கும் எல்லையைத் தாம் கடந்துவிட்டதையும் அவரே அவ்விடத்தில் ஒப்புக்கொள்கிறார். பன்னிரு குழந்தைகளுள் ஒன்றேனும் தான் என்ன ஆக விரும்புகிறது என்று கேட்கப்படுமா? அக்கேள்விக்கு அவ்வேற்பாட்டில் இடமே இல்லை. விருப்பம் என்பது நனவின் சொல். களிமண்ணிடம் எந்தக் குயவனும் விருப்பம் கேட்பதில்லை.

களிமண் என்பது வெறும் உவமை அன்று. 1920இல் வாட்சனும் ரோசலி ரேய்னரும் பதினொரு மாதக் குழந்தை ஒன்றின்மீது செய்த சோதனை பயிற்சிக் கல்லூரிப் பாடநூல்தோறும் இடம்பெறுவது. வெள்ளெலியைத் தொட நீளும் குழந்தையின் தலைக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தைச் சுத்தியால் அடித்தனர். சில முறைகளுக்குப் பின் ஓசை இன்றியே எலியைக் கண்டு குழந்தை அழுதது. அச்சத்தை ஊட்டியவர் அதை நீக்காமலேயே குழந்தை மருத்துவமனையை விட்டுப் போயிற்று. பாடநூல்கள் இதனை ஆக்கநிலையுறுத்தலுக்குச் சான்றாகக் காட்டும். அழுகை என்பது எண்ணத்தக்க துலங்கல் மட்டுமே என்று கொண்டாலன்றி, ஒரு பச்சிளங்குழந்தைக்கு இதைச் செய்ய எவருக்கும் கை எழாது. சோதனையின் முடிவைக் காட்டிலும் சோதனை செய்யத் துணிந்த மனநிலையே அக்கொள்கையின் உண்மையான விளக்கம். வாட்சன் அதே ஆண்டு பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். பின்னர் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து பொருள்களை விற்கும் கலையில் பெயர் பெற்றார். நனவைத் துறந்த உளவியலுக்குக் கடைத்தெரு பொருத்தமான புகலிடம்தான்.

இனி, இக்கொள்கையைப் பேராக் மாநிலத்து மண்ணில் வைத்துப் பார்ப்போர்க்கு ஒன்று புலப்படும். வாட்சன் கட்டுரை எழுதுமுன்பே இம்மண்ணில் நடத்தையியல் நடைமுறையில் இருந்தது. அதற்குத் தோட்டம் என்று பெயர்.

கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று முதுமரமாய் அந்நகரில் இன்றும் காட்டப்படுகிறது. அடுத்தடுத்து வெட்டப்படும் ரப்பர் மரம் முதல் வெட்டைக் காட்டிலும் மிகுதியாகப் பால் சுரக்கும் என்பதைத் தாவரவியலார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டறிந்தனர். காயத்திற்கு மரம் தரும் துலங்கல் என்றே அதற்குப் பெயரும் இட்டனர். வெட்டினால் வடியும், வடிவதை மங்கில் ஏந்தலாம், வாளியில் சேர்க்கலாம், ஸ்டோரில் நிறுக்கலாம். மரத்தைப் பற்றிய இந்த அறிவு குறையற்றது. ஏனெனில் மரம் ஓரறிவுயிர். அதே அறிவை மரத்தை வெட்டியவர்மீதும் செலுத்தியதே தோட்ட ஆட்சி. விடியுமுன் பெரட்டு, அங்கு வந்து நிற்பவன் பெயர் செக்ரோலில் ஏறும். ஆளொன்றுக்கு 300, 400 மரம், சிலவிடத்து அதற்கும் மேல். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. பால் கூடினால் கூலி கூடும், குறைந்தால் வசவு. ஸ்கின்னர் என்னும் நடத்தையியல் பேரறிஞர், குறிப்பிட்ட எண்ணிக்கையில் கொத்தினால்தான் தீனி என்ற ஏற்பாட்டில் புறா விரைந்து கொத்துவதைக் கண்டு, இதுவே ஆலைகளில் துண்டுக்கணக்குக் கூலியின் தத்துவம் என விளக்கினார். கோலகங்சாரிலும் சுங்கை சிப்புட்டிலும் உளி பிடித்தவர்களுக்கு அந்தத் தத்துவம் புறாக்கள் வழியாக விளங்கவேண்டிய நிலை இருந்ததில்லை.

துரைமார்களும் தோட்டத் தமிழனின் நடத்தையைத் தம் கண்ணால் கண்டே எழுதினார்கள். பணிவானவன், சொன்னதைச் செய்பவன், கள்ளில் நாட்டமுடையவன், எதிர்காலம் பற்றி எண்ணாதவன். இக்குறிப்புகளில் பலவும் புறத்தோற்ற அளவில் மெய்யாகவே இருந்திருக்கலாம். காண்பதைத் தவிர வேறெதையும் சேர்க்கக்கூடாது என்பதே அறிவியல் என்றால், அத்துரைமார்கள் சிறந்த அறிவியலார்.

அந்த அறிவியல் 1941இல் தோற்றது. களம் பேராக் அன்று. அண்டை மாநிலமாகிய சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரம். எனினும் துரை, கிராணி, கங்காணி என்ற அதே அடுக்கு, அதே லயம், அதே கள்ளுக்கடை. ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தம் கோரிக்கைகளை வைத்தனர். கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி இருந்தது. பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைக்கு முடிவு இருந்தது. அவற்றோடு இரண்டு கோரிக்கைகள் உளவியல் பயில்வோர் ஒவ்வொருவரும் நின்று நோக்கத்தக்கவை. ஒன்று, துரையோ அலுவலரோ எதிர்ப்பட்டால் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். மற்றொன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மூடப்படவேண்டும்.

முதற்கோரிக்கையை நோக்குக. துரை வருகிறார் என்பது தூண்டல். தொழிலாளி இறங்குகிறான் என்பது துலங்கல். இவ்விணைப்பு ஆண்டுக்கணக்கில் பிழையின்றி நிகழ்ந்தது. நடத்தையியலாரின் ஏட்டில் நூற்றுக்கு நூறு என்று பதிவாகத்தக்க துலங்கல் அது. இறங்கியவர்களுள் ஒருவன் அஞ்சி இறங்கினான். ஒருவன் மெய்யாகவே மதித்து இறங்கினான். ஒருவன் உள்ளுக்குள் நகைத்தபடி இறங்கினான். ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். மிதிவண்டியும் கால்களும் மண்ணும் நால்வருக்கும் ஒன்றே. வேறுபாடு முழுவதும் அந்த ஏட்டில் எழுதக்கூடாத இடத்தில் இருந்தது. ஒரு நாள் அவ்விடத்திலிருந்து கோரிக்கை எழுந்தது. அதுவரை அது எங்கே இருந்தது? தசையிலா, எலும்பிலா? தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டனுள் இளிவரல் என்று ஒன்று உண்டு. இழிவுபட்ட உள்ளத்தின் உணர்வு அது. அந்த இளிவரல், மெய்யில் படாமல் உள்ளத்தில் கிடந்தது என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

இரண்டாவது கோரிக்கை இன்னும் கூரியது. நடத்தையை மட்டும் பார்ப்பவனுக்குக் கள் குடிப்பவன் கள்ளை விரும்புகிறவன். மீண்டும் மீண்டும் ஒரு செயலைச் செய்பவனுக்கு அச்செயல் வலுவூட்டல் பெற்றிருக்கிறது என்பது பாடம். அப்படியானால் குடித்த வரிசையிலிருந்தே கடையை மூடு என்ற குரல் எவ்வாறு எழுந்தது? தன் செயலைத் தானே விலகி நின்று நோக்கி, இது எனக்குக் கேடு, இது என் பிள்ளைக்குக் கேடு என்று தீர்ப்பளிக்கும் ஒன்று அவனுள் இருந்ததனால்தான். செயல் ஒருபுறம் போக, செயலைப் பற்றிய அறிவு மறுபுறம் நிற்கும் இந்த இரட்டை நிலைக்கே நனவு என்று பெயர். புறாவுக்குத் தீனிப்பெட்டியை மூடு என்று கேட்கத் தெரியாது.

அவ்வேலைநிறுத்தம் படைகொண்டு ஒடுக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கியும் ஒருவகைத் தூண்டல்தான். அதற்குரிய துலங்கலும் கிடைத்தது. தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். ஏட்டில் பழையபடி நூற்றுக்கு நூறு.

ஸ்கின்னரின் மாணவர் இதற்கு விடை கூறாமல் விடமாட்டார். ஸ்கின்னர் வாட்சனைப் போல அகத்தை அறவே மறுத்தவர் அல்லர். பல்வலி பல்வலிக்காரனுக்கு மட்டுமே தெரிவது என்பதை ஒப்புக்கொண்டவர். ஆனால் அது செயலுக்குக் காரணம் ஆகாது, காரணம் எப்போதும் சூழலிலேயே உள்ளது என்றவர். ஆகவே, 1941இல் புதிய சூழல் தோன்றியது; மேடைப் பேச்சும் சங்கமும் புதிய தூண்டல்களாக வந்தன; பழைய வழக்கம் வெறுப்பூட்டும் தூண்டலாக மாறியது என்பார் மாணவர். நன்று. துரையின் வருகை வெறுப்பூட்டும் தூண்டல் என்பது எவ்வாறு தெரிந்தது? துரையும் அவரே, மிதிவண்டியும் அதுவே. தொழிலாளி வாய்திறந்து, இது எனக்கு இழிவு என்று கூறியதனால் தெரிந்தது. அந்த இழிவு எவருக்கு நேர்ந்தது, எங்கே உணரப்பட்டது என்று கேட்டால் நடத்தையியலாருக்கு மறுமொழி இல்லை. நனவின் வீட்டில் கடன் வாங்கி வந்து, அப்படி ஒரு வீடே இல்லை என்று சாதிக்கும் கதை இது. ஸ்கின்னர் 1957இல் மொழியை நடத்தையாக விளக்கி எழுதிய நூலுக்கு, நோம் சோம்ஸ்கி 1959இல் எழுதிய மதிப்புரை இந்தக் கடனைத்தான் வெளிப்படுத்திற்று. ஆய்வுக்கூடத்தில் தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்னும் சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. மனித மொழிக்கு அவற்றை நீட்டும்போது அப்பொருள் கரைந்து, பழைய மனச்சொற்களுக்கே புதுச்சட்டை மாட்டியது போலாகிவிடுகிறது என்று அவர் காட்டினார். மொழி கற்பிப்போர் அம்மதிப்புரையை மறத்தல் ஆகாது. எவர் வாயிலும் கேட்டிராத வினைமுற்று ஒன்றைத் தானே பிழைபட ஆக்கிக்கொள்ளும் குழந்தையைத் தமிழாசிரியர் நாள்தோறும் காண்கிறார். அப்பிழை எந்தத் தூண்டலின் எதிரொலியும் அன்று. விதியைத் தேடும் உள்ளத்தின் அடிச்சுவடு.

எதிர்காலம் பற்றி எண்ணாதவன் என்ற துரையின் குறிப்புக்கும் விடை உண்டு. அவ்விடை பேராக் மண்ணிலேயே தொடங்குகிறது. 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டந்தோட்டமாகச் சென்றார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினர். அந்த ஆண்டுகளில் பால்வெட்டும் குடும்பத்தில் பத்து வெள்ளி எத்தனை நாள் அரிசி என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாம் கண்டிராத தோட்டம் ஒன்றுக்காக, உடன் கிடைக்கும் பயன் ஏதுமின்றி அப்பணத்தைக் கட்டினர். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. செயலுக்கு அடுத்த கணமே வலுவூட்டல் வேண்டும் என்று ஸ்கின்னர் வற்புறுத்துவார். இங்கு வலுவூட்டியது இல்லாத ஒன்று. வருங்காலம் பற்றிய நினைவு. இல்லாததை உள்ளத்தில் நிறுத்தி அதற்காக இன்றைய பசியைப் பொறுப்பது, எந்தப் பெட்டியிலும் எந்த எலியும் செய்யாத செயல்.

எலிகளும் அவ்வளவு எளியவை அல்ல என்பது வேறு கதை. அதைக் காட்டியவர் நடத்தையியலாருள் ஒருவரான டோல்மனே. 1930இல் அவரும் ஹான்சிக்கும் எலிக்கூட்டம் ஒன்றைப் பத்து நாள் தீனியே இன்றிப் புதிர்வழியில் திரியவிட்டனர். அவை எதையும் கற்றதாகத் தோன்றவில்லை. பதினோராம் நாள் தீனி வைத்தவுடன், நாள்தோறும் தீனி பெற்றுவந்த எலிகளுக்கு நிகராக அவையும் வழியறிந்து ஓடின. கற்றல் நிகழ்ந்திருந்தது, துலங்கல்தான் நிகழவில்லை. மறைநிலைக் கற்றல் என இதனைப் பாடநூல் இரண்டு வரியில் கூறிக் கடந்துவிடும். தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பிற்குச் சென்ற தோட்டத்துப் பிள்ளையை நினைத்தால் அவ்வாறு கடக்க இயலாது.

ஆறாண்டு தமிழில் படித்தவன், புதிய பள்ளியில் புதிய மொழியில் கேட்கப்பட்ட வினாவுக்கு வாய் திறவாமல் நின்றான். வினா தூண்டல், துலங்கல் சுழியம். மந்தம் என்று எழுதப்பட்டது. விடை தெரிந்து, சொல் தெரியாமல் நின்றானா. சொல்லும் தெரிந்து, சிரித்துவிடுவார்களே என்று நின்றானா. காலையில் தாயுடன் வாளி சுமந்த களைப்பில் நின்றானா? மூன்றும் ஒரே மௌனம். மிதிவண்டியிலிருந்து இறங்கிய நால்வரைப் போலவே, இம்மூவருக்கும் வெளித்தோற்றம் ஒன்று. அவர்களுள் எவனுக்கு மொழி வேண்டும், எவனுக்குத் தோழமை வேண்டும், எவனுக்கு உறக்கம் வேண்டும் என்று அறியாத ஆசிரியர் மூவருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பார். அவ்வாறு பள்ளியை விட்டு நின்றவர்களுள் பலர் மீண்டும் நிரைக்கே போனார்கள். பால்மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்கிலும் பிற ஊர்களின் ஓரங்களிலும் குடியேறின. பள்ளிகளும் சில அவர்களைப் பின்தொடர்ந்து நகர்ந்தன. வாய் திறவாமல் நிற்கும் பிள்ளை மட்டும் எப்பள்ளியிலும் இருக்கிறான்.

உள்ளத்தை எவரும் பார்க்க இயலாதே, பிறகு எதைக் கொண்டு மதிப்பிடுவது என்ற வினாவைத் தமிழ் கற்றோர் கேட்பதுதான் வியப்பு. மலையில் புகை கண்டு தீ உண்டெனத் துணிவதைக் கருதலளவை என்று இம்மரபின் அளவையியலார் கற்பித்தனர். புகை தீயின் அடையாளம். புகையே தீ அன்று. மெய்ப்பாட்டியலை எழுதிய தொல்காப்பியரும் நடத்தையை நோக்கியவர்தாம். கண்ணீரையும் நகையையும் நடுக்கத்தையும் எட்டு வகையாக்கி வரிசைப்படுத்தியவர்தாம். ஆனால் உள்ளத்து நிகழ்ச்சி பிறர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு என உரையாசிரியர் விளக்குவர். வாட்சன் மெய்யை வைத்துக்கொண்டு பாட்டை எறிந்துவிட்டார் எனச் சொற்சிலம்பம் ஆடுவோரும் உண்டு. சிலம்பத்தை விட்டாலும் கருத்து நிற்கும். வள்ளுவர் குறிப்பறிதல் என்று ஒன்றுக்கு இரண்டு அதிகாரம் வகுத்தார். அரசவைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று. வகுப்பறையில் அவ்வதிகாரத்தை நடத்தும் ஆசிரியரே, மாணவர் இக்குறளின் பொருளைப் புரிந்துகொள்வர் என்று தம் ஏட்டில் எழுத அஞ்சுகிறார்!

அளவை வேண்டாம் என்பதன்று வாதம். மங்கில் வடிந்த பாலுக்கும் எடை வேண்டும். ஆனால் பாலில் நீர் சேர்த்தாலும் எடை கூடும் என்பதனால்தான் ஸ்டோரில் மெட்ரோலாக் என்ற கருவியை அமிழ்த்திப் பார்த்தார்கள். மனப்பாடமாக ஒப்புவிக்கப்படும் விடை நீர் கலந்த பால். கூறுவர், எழுதுவர் என்பவை எடையைத்தான் காட்டும். குறளைப் பிழையின்றி எழுதிய மாணவனிடம், இதை உன் வீட்டில் எவரிடம் கூறுவாய், ஏன் என்று கேட்டு, அவன் விழிக்கும் விழிப்பைக் கவனிக்கும் ஆசிரியர் அக்கருவியை அமிழ்த்துகிறார். பிரம்பால் கற்பிப்பதை ஸ்கின்னர் வன்மையாகக் கண்டித்தார். ஆசிரியர் கையில் ரோத்தான் ஓங்கியிருந்த பள்ளிகளுக்கு அது வேண்டிய அறிவுரை. அதற்குமேல் ஓர் அடி எடுத்துவைத்து, பிரம்பு விழுந்த உள்ளங்கைக்குரிய பிள்ளை என்ன நினைத்தான் என்று கேட்க அவர் கோட்பாடு அவரை விடவில்லை.

பெற்ற வீட்டில் கைவிட்ட வழக்கத்தைப் புகுந்த வீட்டில் சட்டமாக்கிக் காப்பதும் உண்டு. அமெரிக்க உளவியலில் 1950களின் பிற்பகுதியிலேயே நடத்தையியலின் தனியாட்சி தளரத் தொடங்கியது. இன்று நனவு என்பது நரம்பியலாரும் மெய்யியலாரும் கூடி ஆராயும் பெருந்துறை. மூளையின் நிகழ்ச்சி எவ்வாறு அனுபவமாகிறது என்னும் சிக்கலை டேவிட் சால்மர்ஸ் 1995இல் கடினச் சிக்கல் எனப் பெயரிட்டு முன்வைத்தபின், விவாதம் ஓயவில்லை. தமிழ்ப்பள்ளியின் நாட்பாடத் திட்டத்திலோ மேகரின் விதி அசையாமல் இருக்கிறது. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு ஒழிக்கப்பட்டு வகுப்புசார் மதிப்பீடு முன்னுக்கு வந்தது. பிள்ளையை முழுமையாக நோக்க வாய்த்த நல்ல தருணம். ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலை எண்ணை நிரப்புவதிலேயே அத்தருணத்தின் பெரும்பகுதி கரைகிறது.

அத்திட்டத்தின் கடைசிக் கட்டத்திற்குச் சிந்தனை மீட்சி என்று பெயர். பாடம் முடிந்தபின் ஆசிரியர் தம் உள்ளத்தைத் தாமே திரும்பி நோக்கவேண்டிய இடம் அது. நாடு கடத்தப்பட்ட நனவுக்கு ஏட்டில் எஞ்சிய ஒரே பெயர்ப்பலகை. அங்கு எழுதப்படுவது பெரும்பாலும் இவ்வளவே: 26 மாணவர்களுள் 21 மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர். நாள்தோறும் எழுதும் தொல்லையைத் தவிர்க்க, அவ்வரியை ரப்பர் முத்திரையாகச் செய்து வைத்திருப்போரும் உண்டு. முத்திரையில் இரண்டு எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். எஞ்சிய ஐவருள் ஒருவன் அன்று ஏன் வாய் திறக்கவில்லை என்று எழுத அதில் இடம் இல்லை.